நகரும் வீடும் நகராத அயலும்

கப்பலோட்டி ஒருவன். மனைவி மக்கள் அவனுடன் கப்பலிலேயே வாழ்கிறார்கள். சட்டி பானை, பாய் தலையணை, உடுபுடவை எல்லாம் கப்பலில்தான். கரையில் அவனுக்கென்று ஒரு வீடு கிடையாது. அவன் பிரயாணியா, ஊரில் இருப்பவனா? தொழுகையைச் சுருக்கலாமா, முழுமையாகத் தொழ வேண்டுமா?

நமது பிக்ஹு நூல்களில் இது பழைய கேள்வி. இமாம் நவவி தமது 'அல்மஜ்மூஃ'வில் இதனை எடுத்துப் பேசுகிறார். இமாம் ஷாபிஈயின் கருத்துப்படி அவன் சுருக்கித் தொழலாம். ஆயினும் முழுமையாகத் தொழுவதே சிறந்தது. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் ஒருபடி மேலே சென்று, அவனுக்கு அந்தச் சலுகையே இல்லை என்கிறார். அவன் தன் வீட்டில்தானே இருக்கிறான்! வீடு மிதக்கிறது என்பதற்காக அது வீடில்லை என்றாகிவிடுமா? இளவயதில் இதனை ஒரு புதிர்க்கணக்குப் போல எடுத்துக்கொண்டேன். கடலில் குடும்பம் நடத்துகிறவன் யார் என்று நண்பர்களுடன் சிரித்ததுமுண்டு. இப்போது சிரிப்பு வருவதில்லை.

ஏனெனில் அந்தக் கப்பலோட்டி கரையேறிவிட்டான். அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் அவனைக் காணலாம். 'ஆர்.வி.' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வண்டிவீடுகளில், இருந்த வீட்டையும் விற்றுவிட்டு, ஆண்டு முழுவதும் வாழும் தம்பதிகள் அங்கே ஏராளம். விடுமுறைக்கு இரண்டு வாரம் போய்வருகிறவர்கள் வேறு, இவர்கள் வேறு. 'முழுநேரத்தார்' என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் இவர்களுக்குத் திரும்பிப் போக இன்னொரு வீடில்லை. இவர்களில் பலர் ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும். பிள்ளைகள் ஆளுக்கொரு மாநிலத்தில்.

இவர்களைப் பற்றிச் சில காலமாக வாசித்து வருகிறேன். முதலில் வேடிக்கையாகவும், ஒளிப்பானேன், சற்றுப் பொறாமையாகவும் இருந்தது. நாங்கள் இருவரும் வயது போன காலத்தில் பூட்டிய அறைகளைக் கூட்டித் துடைத்துக்கொண்டு ஒரு பெரிய வீட்டுக்குக் காவலிருப்பவர்கள். பின்னர் அப்பொறாமை வேறொன்றாக மாறியது. அந்த 'வேறொன்று' எதுவென்று எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

வண்டியிலிருந்து தொடங்குவோம். இது புதிய மோகம் அல்ல. பியர்ஸ் ஆரோ என்ற கார்க் கம்பனி 1910இலேயே படுக்கையாக விரியும் ஆசனமும் கைகழுவும் தொட்டியும் கொண்ட வண்டியொன்றை நியூயோர்க்கில் காட்சிக்கு வைத்தது. இன்று இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரைச் சுற்றிய பகுதியே இத்தொழிலின் தலைநகர். சில வண்டிகள் பஸ் போன்று தாமே ஓடுபவை. சில, பாரவண்டியின் பின்னால் பூட்டி இழுக்கப்படுபவை. எதுவானாலும் தெருவில் ஓடும்போது அகலம் எட்டரை அடிக்கு மேற்படாது. நீளம் 35 அடி என்று வைத்தால் முழு வீடும் ஏறத்தாழ 300 சதுர அடி. நம்மூரில் வசதியுள்ளவர் வீட்டு விறாந்தை சில இதைவிடப் பெரியவை. அதற்குள் குசினி, கட்டில், மலசலகூடம், மேசை. தரைக்கடியில் மூன்று தாங்கிகள்: ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் குளித்த, கழுவிய தண்ணீர், மூன்றாவதில் மலசலம். இந்த மூன்றாவது தாங்கியை அதற்கென்று அமைந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் குழாய் பூட்டி வெளியேற்ற வேண்டும். கையுறை அணிந்துகொண்டு அதைச் செய்பவர் வங்கி முகாமையாளராக இருந்தவராகவும் இருக்கலாம், பேராசிரியராக இருந்தவராகவும் இருக்கலாம். தன் கழிவு எவ்வளவு என்பதைத் தன் கண்ணால் கண்டு, தன் கையால் அகற்றுகிற வாழ்க்கை அது. நாம் தண்ணீரை இழுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். இந்த ஒன்றிலேனும் அவர்கள் நம்மைவிட நேர்மையானவர்கள் என்றே நினைக்கிறேன்.

தண்ணீரும் அப்படித்தான். குழாயடி இல்லாத வெளியில் நிறுத்தினால் தாங்கியில் உள்ள சில நூறு லீற்றரே இருவருக்கும். சவர்க்காரம் பூசும்போது குழாயை மூடி, கழுவும்போது திறப்பார்கள். ஆறு ஓடினாலும் வுழூச் செய்கையில் வீண்விரயம் வேண்டாம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமது பள்ளிவாசல் ஹவுழடிகளில் தண்ணீர் ஓடுகின்ற விதத்தை இங்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

பாரத்துக்கும் கணக்குண்டு. எவ்வளவு ஏற்றலாம் என்பதை வண்டியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு மேற்பட்டால் ரயர் வெடிக்கும், பிறேக் பிடிக்காது. ஆகவே புதிதாக ஒரு பொருள் உள்ளே வந்தால் பழையதொன்று வெளியே போக வேண்டும். வீட்டை விற்றுப் புறப்படுகிற தம்பதிகள் முதலில் திணறுவது இங்குதான். நாற்பது வருடத் தளபாடம் இலகுவாகப் போய்விடும். தாயின் பீங்கான் கோப்பைகள், பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பிகள், கலியாணப் படம் ஆகியவை போகா. பலர் மாத வாடகைக்கு ஒரு களஞ்சிய அறை எடுத்து அவற்றைப் பூட்டி வைப்பார்கள். சில வருடங்கள் சென்ற பின், பார்க்கவே வராத பொருளுக்கு வாடகை கட்டுகிறோமே என்று அதனையும் காலி செய்துவிடுவார்கள். மனிதனுக்கு எவ்வளவு தேவை என்ற பழைய கேள்வியை இவர்கள் தராசில் வைத்தே நிறுக்கிறார்கள்.

அடுத்தது தாம்பத்தியம். 300 சதுர அடியில் கோபித்துக்கொண்டு போக இடமில்லை. அறைந்து சாத்தக் கதவில்லை. வண்டிவாசிகளிடையே நெடுநாளாக உலவும் பகிடி ஒன்றுண்டு. ஒரு தம்பதியின் திருமணம் தேறுமா என்று பார்க்க வேண்டுமானால், இருட்டுகிற நேரத்தில் அவர்கள் வண்டியைப் பின்னெடுத்து நிறுத்துவதைப் பாருங்கள் என்பார்கள். ஒருவர் சுக்கானில், மற்றவர் பின்னால் நின்று கைகாட்டுவார். கைகாட்டுகிறவர் நிற்பது கண்ணாடியில் தெரியாது. இவர் இடம் என்பது அவருக்கு வலம். மரக்கிளை கூரையில் உரசுகிற சத்தம். பிறகு ஒரு மௌனம். அயல் வண்டிக்காரர்கள் கதிரை போட்டு உட்கார்ந்து இதனைப் பார்ப்பது அங்கே ஒரு மாலைப் பொழுதுபோக்கு. அனுபவப்பட்டவர்கள் சொல்லும் புத்தி எளிமையானது: கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அவரைப் பார்க்க முடியாவிட்டால் உடனே நிறுத்துங்கள். தாம்பத்தியம் பற்றி எழுதப்பட்ட தடித்த புத்தகங்கள் பலவற்றில் இவ்வளவு விடயம் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் அவ்வாழ்க்கைக்குச் சாதகமானது. இனி, எனக்கு முள்ளாகத் தைத்த பகுதி.

வீடென்பது என்ன? சுவர்கள் என்றால் அவர்களிடம் சுவர்கள் உண்டு. மனைவி மக்கள் என்றால், மக்கள் இல்லாவிட்டாலும் மனைவி உண்டு. இமாம் அஹ்மதின் அளவுகோலில் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். வேர் என்று சொல்வோமா? அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்ரெயின்பெக் 1960இல் பாரவண்டி ஒன்றின் மேல் அறை அமைத்து, டொன் குவிக்ஸோட்டின் குதிரையின் பெயரான 'ரொசினான்டே'யை அதற்குச் சூட்டி, சார்லி என்ற நாயுடன் தன் நாட்டைச் சுற்றினார். 1962இல் வெளிவந்த அவரது பயண நூலில் ஓரிடம். நகரும் வீடொன்றில் வாழ்கிற குடும்பத்துடன் இரவுணவு உண்கிறார். உங்கள் பிள்ளைகளுக்கு வேர் இல்லாமல் போகாதா என்று கேட்கிறார். குடும்பத் தலைவர் தன் தகப்பனைப் பற்றிச் சொல்கிறார். அவர் இத்தாலியில் பல நூறு வருடங்களாகத் தன் வம்சம் வாழ்ந்த வீட்டில் பிறந்தவர். அந்த வீட்டில் குழாய்த் தண்ணீரும் இல்லை, மலசலகூடமும் இல்லை. வேர் என்றால் அதுதான். அதனை அறுத்துக்கொண்டுதான் அவர் அமெரிக்கா வந்தார். இந்தப் பதில் ஸ்ரெயின்பெக்கைச் சிந்திக்க வைக்கிறது. என்னையும் வைத்தது. மரத்துக்கு வேர் வேண்டும், மனிதனுக்குக் கால் இருக்கிறது. வேர் என்ற உவமையை நாம் மிக மலிவாகப் பாவிக்கிறோம். அதனால் வேரை விட்டுவிட்டேன்.

வேறொரு வழியில் யோசித்தேன். நான் இருக்கிற இடத்தில் என்னிடம் வந்து கேட்பதற்கு யாருக்கு உரிமை உண்டு? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலென்று நடுச்சாமத்தில் கதவில் தட்டலாம். மையித்து வீட்டுக்குக் கதிரை வேண்டுமென்று கேட்கலாம். மதில் ஓரத்து மாமரக் கிளை தங்கள் கூரையில் படுகிறதென்று சண்டைக்கு வரலாம். நான் விரும்பித் தெரிவு செய்தவர்களல்ல அவர்கள். அவர்களும் என்னை விரும்பித் தெரிவு செய்யவில்லை. இந்த விருப்பமில்லாத பிணைப்புக்குத்தான் நாம் அயல் என்று பெயர் வைத்திருக்கிறோம். பிடிக்காத அயலவனோடும் முப்பது வருடம் வாழ்ந்து தீர வேண்டும் என்பதில்தான் மனிதன் சற்றுப் பக்குவப்படுகிறான். வண்டிவீட்டுக்காரருக்கோ பக்கத்து வண்டியில் நாய் குரைத்தால் மறுநாள் சாவியைத் திருப்பினால் போதும். அயல் மாறிவிடும்.

அமெரிக்காவின் மேற்கில் அரசாங்கத்தின் பொதுக் காணிகளில் பெரும்பாலும் ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்க முடியாது என்பது விதி. காணியைப் பாதுகாப்பதற்காக ஏற்பட்ட விதி அது. ஆனால் ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். எந்த அயலவனையும் 14 நாட்களுக்கு மேல் தெரிந்திருக்கத் தேவையில்லாத வாழ்க்கை! 14 நாட்களுக்கு யாரும் நல்லவராக இருந்துவிடலாம். நானே இருந்துவிடுவேன்.

இவர்களை நவீன நாடோடிகள் என்று எழுதுகிறார்கள். இதுவும் கவனமின்றிச் சொல்லப்படுவதே. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் பாலைவன வாழ்க்கையை ஆராய்கிறபோது, 'அஸபிய்யா' எனும் குழுப்பிணைப்பு இல்லாதவர்களால் அங்கே வாழவே முடியாது என்கிறார். பதவிகள் தனியாகவோ சோடியாகவோ அலைந்தவர்கள் அல்லர். கூடாரம் நகர்ந்தபோது பக்கத்துக் கூடாரமும் நகர்ந்தது. சாச்சா நகர்ந்தார், சண்டைக்காரனும் நகர்ந்தான், கடன் கொடுத்தவனும் கூடவே வந்தான். இடம் மட்டுமே மாறியது. வண்டிவீட்டுத் தம்பதியர் விடயத்தில் இது தலைகீழ். வீடு அப்படியே இருக்கிறது, அயல் மட்டும் கழன்று போகிறது.

இதன் அரசியல் பக்கமும் உண்டு. கேய் பீற்றர்சன், ஜோ பீற்றர்சன் என்ற தம்பதியினர் 1978இல் 'எஸ்கேப்பீஸ்' என்றொரு கழகத்தை ஆரம்பித்தனர். கேய் தாதியாக இருந்தவர், ஜோ மின்தொழில் அறிந்தவர். தப்பியோடியவர்கள் என்பது பெயரின் பொருள். டெக்ஸாஸ் மாநிலத்தில் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில் அதன் தலைமையகம். ஆயிரக்கணக்கான உறுப்பினர்களின் கடிதங்கள் அங்கே வந்து சேரும். உரியவர் அன்று எந்த மாநிலத்தில் நிற்கிறாரோ அங்கு அனுப்பி வைக்கப்படும். ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் அனைவரும் லிவிங்ஸ்டன் வாசிகள். வாகனப் பதிவு அங்கே, வாக்கும் அங்கே. மாநில வருமான வரி இல்லாத மாநிலம் டெக்ஸாஸ் என்பதும் ஒரு வசதி. 2000ஆம் ஆண்டளவில் உள்ளூர்க்காரர் சிலர் இதனைச் சட்டத்தின் முன் கேள்விக்குள்ளாக்கினர். எங்கள் தெருவில் நடக்காதவர்கள், எங்கள் பாடசாலைக்குப் பிள்ளை அனுப்பாதவர்கள், எங்கள் தேர்தல் முடிவை எப்படித் தீர்மானிக்கலாம்? மறுபக்கத்தின் கேள்வியும் நியாயமானதே. நாங்கள் இந்நாட்டுப் பிரசைகள், எங்கோ ஓரிடத்தில் வாக்களிக்க வேண்டுமே, வேறெங்கே போவது? அவர்களின் வாக்குரிமை நிலைத்தது. தென் டகோட்டா மாநிலத்திலோ ஓர் இரவு தங்கிய பற்றுச்சீட்டைக் காட்டினால் சாரதி அனுமதிப்பத்திரம் பெறலாம். வாக்களிப்பதற்கும் அது போதுமா என்ற சர்ச்சை எழுந்து, 2023இல் 30 நாள் வசிப்பு என்ற நிபந்தனையை அங்கே சட்டமாக்கினார்கள். ஓர் இரவா, 30 நாளா? ஒரு மனிதன் ஓர் ஊருக்குரியவனாக எவ்வளவு காலம் வேண்டும் என்று எண்ணிக்கையில் தேடுகிறார்கள். நமது பிக்ஹு அறிஞர்களும் நாட்களை எண்ணினார்கள்தான். ஓரிடத்தில் நான்கு நாள் தங்க உறுதிகொண்டவன் பிரயாணி அல்லன் என்பது ஷாபிஈ மத்ஹபின் கணக்கு.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். எல்லாரும் விரும்பியா போனார்கள்? இல்லை. 2008இன் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்கள் பலர் வண்டிக்குள் குடியேறியதை ஜெஸிக்கா புரூடர் 2017இல் வெளியிட்ட 'நோமட்லாண்ட்' நூலில் பதிவு செய்தார். அது 2020இல் திரைப்படமாகி மறு ஆண்டு ஒஸ்காரும் பெற்றது. ஒக்டோபரில் வட டகோட்டா, மினசோட்டா வயல்களில் சீனிக்கிழங்கு அறுவடை. பண்டிகைக் காலத்தில் அமேசான் களஞ்சியங்களில் பொதியடுக்கும் வேலை. கோடையில் முகாம் தளங்களில் மலசலகூடம் கழுவும் வேலை. அறுபது எழுபது வயதில் பருவக் கூலியாக வண்டியோடு அலைகிறவர்களின் கதை அது. இவர்களிடம் போய் அயலவனின் கடமை பற்றிப் பிரசங்கம் பண்ணுவது வெட்கக்கேடு. அயல் இவர்களை வைத்திருக்கவில்லை. அயல்தான் இவர்களை வெளியேற்றியது. வாடகை கொடுக்க முடியாதவரை எந்தத் தெருவும் வைத்திருப்பதில்லை.

1990 ஒக்டோபரில் வீட்டுச் சாவியையும் விட்டுவிட்டு வடக்கிலிருந்து நடந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இச்சஞ்சிகையின் வாசகர்களிடையே இருக்கிறார்கள். வீட்டை விட்டுப் போவதை ஒரு சுதந்திரமாகப் பேசுவதற்கு முன், யார் கையால் கதவு சாத்தப்பட்டது என்று கேட்க வேண்டும் என்பதை அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் கேள்வி, தன் கையாலேயே கதவைச் சாத்திவிட்டுச் சிரித்துக்கொண்டு வண்டியேறிய தம்பதியைப் பற்றியது மட்டுமே.

அப்படிப் புறப்பட்டவர்களும் முழுதாகத் தப்பிவிடவில்லை என்பதுதான் வியப்பு. அரிசோனாவில் கலிபோர்னிய எல்லைக்கு அருகே குவாட்ஸைட் என்றொரு பாலைவன ஊர் உண்டு. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அங்கே 2,500 பேர்கூட இல்லை. குளிர்காலம் வந்தால் சுற்றியுள்ள வெளியெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிவீடுகள். அரசாங்கமே 1983 முதல் நீண்டகாலத் தங்கல் இடங்களை அங்கு ஒதுக்கியிருக்கிறது. செப்ரெம்பர் நடுப்பகுதி தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை ஒரு பருவம். அதற்கான கட்டணம் பல ஆண்டுகளாக 180 டொலராக இருந்தது. வருடா வருடம் அதே ஆட்கள் அதே கள்ளிச்செடி அருகில் வந்து நிறுத்துகிறார்கள். மாலையில் கதிரைகளை வட்டமாகப் போடுகிறார்கள். போன வருடம் வந்த இன்னார் இந்த வருடம் ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறார்கள். தப்பியோடியவர்கள், தப்பியோடிய இடத்தில் ஒரு தெருவை உண்டாக்கிவிட்டார்கள்.

அந்த ஊர் மையவாடியில் ஒரு கல்லறை. கற்களால் கட்டிய சிறு பிரமிட், உச்சியில் செம்பாலான ஒட்டகம். கீழே கிடப்பவர் ஹாஜி அலி. அமெரிக்க நாக்குக்கு அது 'ஹை ஜொலி' ஆகிவிட்டது. வரண்ட மேற்கில் பாரம் சுமக்க ஒட்டகம் உதவுமா என்று அமெரிக்க இராணுவம் பரீட்சித்துப் பார்த்தபோது, உஸ்மானிய நாட்டிலிருந்து 1856இல் ஒட்டகங்களோடு டெக்ஸாஸ் துறைமுகத்தில் இறங்கியவர்களில் ஒருவர் அவர். உள்நாட்டு யுத்தம் வந்தது, ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. ஒட்டகங்கள் விற்கப்பட்டன, சில பாலையில் அலைந்து திரிந்தன. இவரும் திரும்பவில்லை. 1880இல் அந்நாட்டுப் பிரசையானார், டூசனில் மணம் முடித்தார், இரு பெண்மக்கள். கடைசிக் காலத்தைப் பாலையில் கழித்து 1902இல் குவாட்ஸைட்டில் மௌத்தானார். கல்லறையைப் பிரமிட்டாக எழுப்பியது 1935இல் அரிசோனாவின் நெடுஞ்சாலைத் திணைக்களம். குளிர்காலத்தில் வண்டிவாசிகள் அதன் முன் நின்று படம் பிடிக்கிறார்கள். ஊர்விட்டு ஊர் வந்த ஒரு முஸாபிரைச் சுற்றி ஆண்டுதோறும் இத்தனை பிரயாணிகள் கூடுவது தற்செயல்தான். அந்தத் தற்செயல் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே பாத்திஹா ஓதுவார் உண்டா என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் தவிர்த்துக்கொண்டு வந்த இடத்துக்கு வருகிறேன். அயலைக் கழற்றிவிட்ட தம்பதிக்கு மிஞ்சுவது ஒருவருக்கொருவர். ஊரில் பத்துப்பேர் பங்கிட்டுச் சுமப்பதை அங்கே ஒருவர் மட்டும் சுமக்க வேண்டியிருக்கிறது. கதை கேட்கும் சினேகிதியும் அவளே, வைத்தியரிடம் கூட்டிப்போகும் மருமகனும் அவளே, குறை சொல்லும் மாமியும் அவளே. ஒரு மனிதப்பிறவி இன்னொருவருக்கு முழு ஊராக இருக்க முடியுமா? காதல் கதைகள் முடியும் என்கின்றன. ஐம்பது வருடம் குடும்பம் நடத்தியவன் என்ற வகையில் நான் ஐயப்படுகிறேன். என் மனைவி என்னைத் தாங்கிக்கொண்டது தனியாக அல்ல. மதிலுக்கப்பால் ராத்தாவிடம் என்னைப் பற்றித் திட்டித் தீர்க்க முடிந்ததால்தான். அந்த ராத்தாவுக்கு என் வாழ்க்கை கடன்பட்டிருக்கிறது என்பதை இதனை எழுதும்போதுதான் உணர்கிறேன்.

பின் ஒருநாள் இருவரில் ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது, அல்லது கண் மங்குகிறது, அல்லது ஞாபகம் போகிறது. 35 அடி வண்டியை ஓட்டியவர் எப்போதும் கணவராக இருந்திருந்தால், மனைவி முன்பின் அறியாத ஓரிடத்தில், முன்பின் அறியாத ஆஸ்பத்திரி வாசலில், தன் வீட்டையே நகர்த்தத் தெரியாதவளாக நிற்பாள். இருவரும் ஓட்டப் பழகுங்கள் என்று அனுபவசாலிகள் இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஓட்டத் தெரிந்துவிட்டாலும் எங்கே ஓட்டிப் போவது?

தப்பியோடியவர்களின் கழகம் இக்கேள்விக்கு ஒரு பதில் செய்திருக்கிறது. லிவிங்ஸ்டனில் அவர்களின் தலைமையகத்தை ஒட்டி ஒரு பராமரிப்பு நிலையம் உண்டு. முதுமையாலோ நோயாலோ இனி ஓட முடியாதவர்கள், சத்திரசிகிச்சை முடிந்து தேறுபவர்கள், அங்கே தங்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வண்டியிலேயேதான் வாழ்க்கை. அதே கட்டில், அதே யன்னல். நேரத்துக்குச் சாப்பாடு பொது மண்டபத்தில். தாதியர் வந்து பார்ப்பார்கள். துணி துவைக்கவும், வைத்தியரிடம் கூட்டிப்போகவும் ஆளுண்டு. கழகத்தார் பலர் வேலை செய்ய இலவசமாக முன்வருகிறார்கள். இன்றைக்கு இலைக்கறி பரிமாறுகிறவரும் ஒருநாள் தன் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தக்கூடும்.

கிழக்கில் நம்மவரிடையே உள்ள வழக்கம் நினைவுக்கு வந்தது. மகளுக்குக் கலியாணமானால் இருந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் பின்னால் ஒரு சிறு குடிலுக்குப் போவார்கள். அவர்களும் பெரிய வீட்டைத் துறந்தவர்கள்தாம். தூரம் மட்டும் முப்பது அடி. இந்த வழக்கத்தின் குறைகளையும் பெண் வீட்டாரை அது படுத்தும் பாட்டையும் பற்றி இச்சஞ்சிகையிலேயே எழுதப்பட்டாயிற்று. அது வேறு வழக்கு. நான் சொல்ல வந்தது, வயதான இருவர் பொருட்களைக் குறைத்துக்கொண்டு சிறியதோர் இடத்துக்குப் போவதற்கு முப்பது அடியும் போதும், முப்பதாயிரம் மைலும் போதும் என்பதே. முப்பதாயிரம் மைல் ஓடியவர்கள் லிவிங்ஸ்டனில் ஒரு வளவைத் தேடி வந்தார்கள். அங்கே மகள் இல்லை. மகளின் இடத்தில், சில வருடங்களுக்கு முன்வரை பெயர்கூடத் தெரியாதிருந்த இன்னொரு வண்டிக்காரி இருக்கிறாள். அது தாழ்ந்ததென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் உதிரத்தில் பிறக்காதவளுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறவளை எப்படித் தாழ்த்துவது?

இவ்வளவையும் ஒரு மாலையில் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். தண்ணீர்த் தாங்கிக் கதை அவருக்குப் பிடித்தது. மூன்றாவது தாங்கிக் கதை பிடிக்கவில்லை. பின்னெடுக்கும் இடத்தில், "உங்களுக்குப் பின்னால நின்டு நான் கைகாட்டினா நீங்க பாப்பீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் மேலே வாசித்தேன்.

முடிந்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "லிவிங்ஸ்டன்ல நிப்பாட்டின அந்த வண்டிக்குச் சக்கரம் இன்னும் இருக்கிதா?" என்றார்.

இருக்கும் என்றேன்.

"அப்ப அவங்க முஸாபிரா, முகீமா?"

இமாம் ஷாபிஈயின் நான்கு நாள் கணக்கைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் பக்கத்து வீட்டு ராத்தாவின் பேரப்பிள்ளை கேற்றடியில் வந்து நின்றது. கையில் வெற்றுக் கோப்பை. சீனி முடிந்துவிட்டதாம்.